மேம்பட்ட அமைப்புகளை எங்கே வைப்பது? கணினி மென்பொருள்களின் ‘செட்டிங்ஸ்’ குறித்து ஒரு விளக்கம்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுக்கு வந்தது. அதையொட்டி நீலகிரியில் குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பகுதிகளின் சிறிய அலுவலகங்களும் டி.டி.பி. மையங்களும் விண்டோஸ் 11க்கோ லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கோ மாறும்போது ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது: முன்பு இருந்த அமைப்பு இப்போது எங்கே போனது? விண்டோஸின் முதல் பதிப்பு வந்த 1985லேயே ‘கண்ட்ரோல் பேனல்’ இருந்தது. 2012இல் விண்டோஸ் 8 அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு அமைப்புப் பக்கத்தைக் கொண்டுவந்தது. 2015இல் விண்டோஸ் 10 ‘செட்டிங்ஸ்’ என்ற செயலியாக அதை விரிவாக்கியது. இன்றும் விண்டோஸ் 11இல் இரண்டும் அருகருகே இருக்கின்றன. ஒரு வேலைக்கு ஒன்றில் தொடங்கி மற்றொன்றில் முடிக்க வேண்டிய நிலையும் இருக்கிறது.

இந்தக் குழப்பம் ஒரு நிறுவனத்தோடு நிற்பதில்லை. கணினியில் ஓடும் எந்தப் பெரிய மென்பொருளும் ஒரு கட்டத்தில் இதே சிக்கலைச் சந்திக்கிறது. அதிகம் பேர் தொடாத, ஆனால் சிலருக்குக் கட்டாயம் வேண்டிய அமைப்புகளை எப்படிக் காட்டுவது, எவ்வளவு காட்டுவது, தவறாக மாற்றியவரை எப்படிக் காப்பாற்றுவது என்பதே அந்தச் சிக்கல்.

## அமைப்பு என்பது என்ன

மென்பொருளை எழுதுபவர் ஒவ்வொரு கட்டத்திலும் ஏதாவது ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். கோப்பை எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சேமிப்பது, எந்த எழுத்துருவில் தொடங்குவது, இணையம் இல்லாதபோது என்ன செய்வது என்று அந்தப் பட்டியல் நீளும். பெரும்பாலானவற்றை அவரே முடிவு செய்துவிடுகிறார். சிலவற்றைப் பயனரிடம் விட்டுவிடுகிறார். அப்படி விடப்பட்ட முடிவுதான் ‘அமைப்பு’.

ஒவ்வோர் அமைப்புக்கும் மூன்று இடங்களிலிருந்து மதிப்பு வரலாம்.

1. இயல்பு மதிப்பு: பயனர் எதையும் தொடாதபோது நடைமுறையில் இருப்பது. பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் இதிலேயே இருந்துவிடுகிறார்கள்.
2. பயனர் மதிப்பு: அவர் விரும்பி மாற்றியது.
3. நிர்வாகக் கொள்கை: அலுவலகக் கணினிகளைப் பராமரிப்பவர் விதிப்பது. இது இருந்தால் மற்ற இரண்டும் செல்லாது.

இந்த மதிப்புகள் திரையில் இருப்பதில்லை. எங்கோ ஒரு கிடங்கில் இருக்கின்றன. விண்டோஸில் அந்தக் கிடங்கு பெரும்பாலும் ‘ரெஜிஸ்ட்ரி’. அதற்கு முந்திய காலத்தில் ‘ஐ.என்.ஐ.’ என்ற சாதாரண எழுத்துக் கோப்புகள் இருந்தன. லினக்ஸில் பல மென்பொருள்கள் இன்றும் எழுத்துக் கோப்புகளையே பயன்படுத்துகின்றன. லினக்ஸில் திரையையும் சாளரங்களையும் மெனுக்களையும் தரும் மென்பொருள்களில் ஒன்றான க்னோம் பணிச்சூழல் ‘டிகான்ஃப்’ என்ற தனிக் கிடங்கை வைத்திருக்கிறது. நாம் பார்க்கும் செட்டிங்ஸ் சாளரம் அந்தக் கிடங்குக்குள் போவதற்கான வழிகளில் ஒன்று மட்டுமே. கிடங்கில் இருக்கும் பல மதிப்புகளுக்குத் திரையில் வழியே கிடையாது. ‘மேம்பட்ட அமைப்பு’ என்று பொதுவாகச் சொல்லப்படுவது, இரண்டாம் மூன்றாம் சாளரத்துக்குப் பின்னால் இருப்பதையோ, திரையில் இடமே பெறாததையோதான்.

## எல்லாவற்றையும் காட்டிவிட்டால் என்ன

ஓர் அமைப்பைச் சேர்ப்பது ஒரு தேர்வுப்பெட்டியை வரைவதோடு முடிவதில்லை. ‘ஆம், இல்லை’ என்ற இரு நிலை கொண்ட 10 பெட்டிகள் இருந்தால் மென்பொருள் 1,024 வெவ்வேறு நிலைகளில் இருக்க முடியும். 20 பெட்டிகளானால் அந்த எண்ணிக்கை 10,48,576. இவை அனைத்தையும் எந்த நிறுவனமும் சோதித்துப் பார்ப்பதில்லை. ஆகவே யாரும் சோதிக்காத ஒரு சேர்க்கையில் யாரோ ஒரு பயனர் வேலை செய்துகொண்டிருக்கிறார் என்பது உறுதி.

2002இல் க்னோம் 2 வெளிவந்தபோது, அதன் முன்னணி உருவாக்குநர்களில் ஒருவரான ஹேவக் பென்னிங்டன் ஏறத்தாழ இந்த வாதத்தையே வைத்தார்: ஒவ்வொரு விருப்பத்தேர்வுக்கும் ஒரு விலை உண்டு, அளவுக்கு மீறினால் எது முக்கியம் என்றே தெரியாமல் போகும். அந்தக் கொள்கைப்படி பல அமைப்புகள் நீக்கப்பட்டன. அதன் எதிர்விளைவும் வந்தது. 2005இல் லினக்ஸின் மையப் பகுதியான கருவை (கெர்னல்) உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், க்னோமை விட்டு கேடிஇ என்ற இன்னொரு பணிச்சூழலுக்குப் போகும்படி வெளிப்படையாகவே சொன்னார். நீக்கப்பட்ட அமைப்புகள் மறைந்துவிடவும் இல்லை. கிடங்கில் இருந்துகொண்டே இருந்தன. அவற்றைத் திறக்க ‘ட்வீக்ஸ்’ என்ற தனிக் கருவி பின்னாளில் பரவலானது. முதன்மைச் சாளரத்தில் இடம் மறுக்கப்பட்ட ஒன்று இன்னொரு கருவியின் வழியாகத் திரும்பி வந்தால், அதைத் தேடியவர்கள் இருந்தார்கள் என்பதுதான் அதன் பொருள்.

நீக்குவது சரியாக இருந்த இடமும் உண்டு. 2013 ஆகஸ்டில் வந்த ஃபயர்பாக்ஸ் 23 என்ற இணைய உலாவிப் பதிப்பு, ‘ஜாவாஸ்கிரிப்டை (இணையப் பக்கங்களுக்குள் ஓடும் நிரல்களை) இயக்கு’ என்ற பெட்டியை வழக்கமான அமைப்புச் சாளரத்திலிருந்து எடுத்துவிட்டது. அந்த ஒரு டிக்கை எடுத்துவிட்டால் வங்கித் தளமும் மின்கட்டணத் தளமும் வேலை செய்யாமல் போகலாம். ஆனால் பழுது தளத்தில்தான் தெரியும், காரணம் உலாவியின் அமைப்பில் கிடக்கும். மாற்றியவரே அதை மறந்திருப்பார். வேண்டியவர்கள், உலாவியின் உள் அமைப்புகளைப் பட்டியலிடும் ‘அபவுட் கான்ஃபிக்’ பக்கத்தில் அதை இன்றும் மாற்றலாம். இந்த முடிவை நியாயமானதாகவே கருதுகிறேன். அதற்குக் காரணம் அந்த அமைப்பைப் பயன்படுத்துவோர் குறைவு என்பதன்று. விளைவும் காரணமும் அவ்வளவு தூரம் பிரிந்து கிடந்தன என்பதே.

இதற்கு நேர்மாறான ஒரு முயற்சி மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் 2000இல் நடந்தது. ஒருவர் அடிக்கடி பயன்படுத்தாத மெனு உருப்படிகளை மென்பொருள் தானாகவே மடித்து வைத்தது. நோக்கம் எளிமைதான். ஆனால் நேற்று மேலிருந்து மூன்றாவதாக இருந்த கட்டளை இன்று அங்கே இல்லை என்றால், கை பழகிய வேலை தடுமாறும். ஒருவருக்கு இன்னொருவர் சொல்லிக்கொடுக்கவும் முடியாது. 2007 பதிப்பில் மெனுக்களுக்குப் பதிலாக ‘ரிப்பன்’ என்ற பொத்தான் பட்டை வந்தபோது அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது.

இவற்றையெல்லாம்விட அதிகம் கவனிக்க வேண்டிய சோதனை பழையது. 1984இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் ஜான் கேரலும் கரோலின் கேரிதர்ஸும் ஒரு சொற்செயலியைப் புதியவர்களுக்காக மாற்றியமைத்தார்கள். மேம்பட்ட கட்டளைகளை மெனுவிலிருந்து அவர்கள் எடுத்துவிடவில்லை. அவை கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன. தேர்ந்தெடுத்தால், பயிற்சி நிலையில் இது கிடைக்காது என்று ஒரு செய்தி மட்டும் வந்தது. முழு மென்பொருளைக் கற்றவர்களைவிட இவர்கள் விரைவாக வேலையைத் தொடங்கினார்கள். பிழைகளிலிருந்து மீள்வதில் குறைந்த நேரமே செலவிட்டார்கள். இருப்பதைப் பார்க்க விடுவதும் ஆபத்திலிருந்து காப்பதும் ஒன்றாகவே நடக்க முடியும் என்பதை அது காட்டியது.

## எதை ‘மேம்பட்டது’ என்பது

வழக்கமான அளவுகோல் எண்ணிக்கை. நூறில் இரண்டு பேர் மட்டும் மாற்றினால் அதை உள்ளே தள்ளிவிடுவார்கள். இந்த அளவுகோல் நீலகிரி போன்ற இடத்துக்கு வரும்போது தவறாகிவிடுகிறது.

தானியங்கி மீட்புச் சேமிப்பை எடுத்துக்கொள்வோம். வேர்டிலும் லிபர் ஆஃபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளிலும் இதன் இயல்பு மதிப்பு 10 நிமிடம். மின்சாரம் தடைபடாத அலுவலகத்தில், அல்லது பேட்டரி உள்ள மடிக்கணினியில், யாரும் இதை மாற்ற வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், பந்தலூர் பக்கமும் வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரி பக்கமும் மரம் விழுந்து மின்கம்பி அறுவது இயல்பு. யு.பி.எஸ். பேட்டரி பழசாகிப்போன மேசைக் கணினியில் பத்திரம் தட்டச்சு செய்துகொண்டிருப்பவருக்குப் பத்து நிமிடம் என்பது ஒன்றரைப் பக்க வேலை. அவருக்கு அது 2 நிமிடமாக இருக்க வேண்டும். சமவெளி நகரத்தில் ‘மேம்பட்டது’ என்று பெயர் பெற்ற அமைப்பு இங்கே அன்றாடத் தேவை. அதேபோல, கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைத்து வேலை செய்பவருக்கு, அந்த இணைப்பை ‘அளவிடப்பட்ட இணைப்பு’ என்று விண்டோஸிடம் சொல்லிவைக்கும் பொத்தான் அவசியமானது. இல்லையென்றால் ஒரு புதுப்பிப்பே அன்றைய டேட்டாவைத் தின்றுவிடும். அந்தப் பொத்தானோ பிணையத்தின் பண்புகளுக்குள் இருக்கிறது.

ஆகவே எண்ணிக்கையைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

1. மாற்றியதைத் திருப்பிவிட என்ன செலவாகும்? ஒரு சொடுக்கா, மறுதொடக்கமா, கோப்பையே இழப்பதா?
2. விளைவு உடனே கண்ணில் படுமா, வாரக்கணக்கில் கழித்து வேறெங்கோ தெரியுமா?
3. பாதிக்கப்படுபவர் மாற்றியவரா, வேறொருவரா?

முதல் கேள்விக்கு ‘ஒரு சொடுக்கு’ என்று பதில் வரும் எந்த அமைப்பையும், நூறில் ஒருவர்தான் பயன்படுத்துகிறார் என்றாலும், ஆழத்தில் புதைக்க வேண்டியதில்லை. இரண்டாம் மூன்றாம் கேள்விகளுக்குக் கவலைதரும் பதில் வந்தால், எத்தனை பேர் பயன்படுத்தினாலும் அதற்குக் கூடுதல் விளக்கமும் காவலும் வேண்டும். அமைப்புகளைத் திறமைசாலிக்கு என்றும் புதியவருக்கு என்றும் பிரிப்பதைவிட, மீளும் செலவால் பிரிப்பது மிகவும் பயன்படும். தேர்ந்த நிரலாளரும் ரெஜிஸ்ட்ரியில் தவறு செய்கிறார். பள்ளி மாணவியும் எழுத்தளவை அச்சமின்றி மாற்றலாம்.

## தமிழில் வேலை செய்பவருக்கு நேர்வது

இரண்டு அமைப்புகளைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்பது உதவும்.

முதலாவது, லிபர் ஆஃபிஸின் சொற்செயலியான ரைட்டர். இந்த மென்பொருள் எழுத்துகளை மூன்று குடும்பங்களாகப் பிரிக்கிறது: மேற்கத்திய எழுத்துகள், ஆசிய எழுத்துகள், ‘சிக்கலான எழுத்து அமைவு’ கொண்டவை. ஆசியப் பிரிவில் சீனம், ஜப்பானியம், கொரியம் மட்டுமே அடங்கும். தமிழ் மூன்றாம் குடும்பத்தில் இருக்கிறது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் எழுத்துருவும் எழுத்தளவும் தனித்தனி. விருப்பங்கள் சாளரத்தில் மொழி அமைப்புகளுக்குள் அந்த மூன்றாம் குடும்பத்தை இயக்கும் பெட்டி இருக்கிறது. அது டிக் செய்யப்படாமல் இருந்தால், பத்தி ஸ்டைலைத் திருத்தும் சாளரத்தில் தமிழுக்கான எழுத்துருப் பகுதியே தெரியாது. ஒருவர் ஸ்டைலில் அளவை 12இலிருந்து 14 ஆக்குகிறார். பக்கத்தில் உள்ள ஆங்கிலச் சொற்களும் எண்களும் பெரிதாகின்றன. தமிழ் அப்படியே 12இல் நிற்கிறது. மென்பொருள் பழுதடைந்துவிட்டது என்று அவர் நினைப்பதில் வியப்பில்லை. ஒவ்வொரு பத்தியாகத் தேர்ந்தெடுத்துக் கையால் பெரிதாக்குவார். அடுத்த ஆவணத்திலும் அதையே செய்வார்.

இங்கே குறை, அமைப்பு ஆழத்தில் இருப்பது மட்டுமன்று. தமிழ் எழுத்து பக்கத்தில் இருக்கிறது என்று மென்பொருளுக்கே தெரியும். அந்த நேரத்தில், அந்தச் சாளரத்திலேயே, ‘இந்த ஆவணத்தில் உள்ள தமிழுக்கு எழுத்தளவு தனியாக இருக்கிறது’ என்று ஒரு வரி சொல்லி வழி காட்டியிருந்தால் போதும். தேவை எழும் இடத்தில் அமைப்பு கண்ணில் பட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பெரிய சாளரத்தில் கொண்டுபோய் அடுக்குவதால் அது நடப்பதில்லை.

இரண்டாவது, விண்டோஸில் வட்டார அமைப்புகளின் நிர்வாகத் தாவலுக்குள் இருக்கும் ஒரு சிறு பெட்டி. யூனிகோடு (எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான எண் ஒழுங்கு) இல்லாத மென்பொருள்களுக்கு, யூனிகோடின் ஒரு வடிவமான யூடிஎஃப்-8 குறியீட்டைப் பயன்படுத்து என்று அது சொல்கிறது. பெயரின் முன்னால் ‘பீட்டா’ என்ற சொல்லும் இருக்கிறது. தமிழ் எழுத்து எங்கோ கட்டம் கட்டமாகத் தெரிந்தால், இதை டிக் செய்துவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள் என்று அறிவுரை சொல்லப்படுவது உண்டு. சில இடங்களில் அது பலனும் தரும். ஆனால் இது கணினி முழுவதுக்குமான மாற்றம். டி.எஸ்.சி.ஐ.ஐ., டேப் போன்ற 8 பிட் குறியீடுகளில் (0 முதல் 255 வரையிலான எண்களால் எழுத்துகளைக் குறிப்பவை) அமைந்த பழைய தமிழ் மென்பொருள்களும் கணக்குப் பதிவுகளும், 127க்கு மேற்பட்ட எண்களைத் தமிழ் வடிவங்களுக்காகப் பயன்படுத்துபவை. யூடிஎஃப்-8இல் அந்த எண்கள் தனியாக நின்றால் செல்லாதவை. ஆகவே ஓரிடத்தில் தமிழைச் சரிசெய்த அதே டிக், மாதக் கணக்கை முடிக்கப் பழைய மென்பொருளைத் திறக்கும்போது அங்குள்ள தமிழைச் சிதைத்துவிடக்கூடும். அதற்குள் அந்தப் பெட்டியை டிக் செய்ததையே எல்லோரும் மறந்திருப்பார்கள். ‘பீட்டா’ என்ற ஒரு சொல் இந்த எச்சரிக்கையைச் சுமக்கப் போதாது. ‘இதை இயக்கினால் இந்தக் கணினியில் உள்ள பழைய 8 பிட் மென்பொருள்களில் எழுத்துகள் மாறித் தெரியலாம், இந்தப் பெட்டியை நீக்கி மறுதொடக்கம் செய்தால் பழையபடி ஆகும்’ என்று இரண்டு வாக்கியம் இருந்திருக்க வேண்டும்.

## மற்றவரைப் பாதிக்கும் அமைப்பு

மேலே கேட்ட மூன்றாம் கேள்வி உள்ளூர் மென்பொருள்களுக்கு மிகவும் பொருந்தும். பசுந்தேயிலையைச் சிறு விவசாயிகளிடமிருந்து வாங்கும் தொழிற்சாலை ஒன்றின் எடைப் பதிவு மென்பொருளைக் கற்பனை செய்துகொள்வோம். அதில் ‘மேம்பட்டவை’ என்ற தாவலுக்குள், மழைநாளில் இலையின் ஈரத்துக்காக எத்தனை சதவீதம் கழிப்பது என்ற கட்டம் இருக்கிறது. இயல்பு மதிப்பு 5. ஒரு விவசாயி 43.6 கிலோ கொண்டுவந்தால் கணக்கில் ஏறுவது 41.42 கிலோ. யாரோ அதை 8 ஆக்கிவிட்டால் 40.112 கிலோ. ஒரு நடையில் ஒரு கிலோவுக்கு மேல் குறைகிறது. மாதம் முழுவதும் சேரும் இலைக்குத் தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் விலையை வைத்துப் பணம் வரும்போதுதான் அந்த விவசாயிக்கு ஏதோ குறைந்தது போலத் தோன்றும். எதனால் என்று சொல்ல அவரிடம் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது.

இத்தகைய அமைப்பைச் சாதாரண விருப்பத்தேர்வாக நடத்துவது நியாயமாகாது. மென்பொருளை எழுதுபவர் இதில் நான்கு ஏற்பாடுகளைச் செய்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து: மதிப்பை மாற்றக் கடவுச்சொல் கேட்பது, யார், எந்த நாளில், எதிலிருந்து எதற்கு மாற்றினார் என்பதை அழிக்க முடியாத பதிவாக வைப்பது, மாற்றம் எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்று கேட்பது, நடப்பில் உள்ள சதவீதத்தை விவசாயிக்குத் தரும் ஒவ்வொரு ரசீதிலும் அச்சிடுவது. நான்கில் கடைசியானதுதான் முக்கியம். பாதிக்கப்படுபவர் கணினியின் முன்னால் உட்காருவதில்லை; அவர் கையில் இருப்பது ரசீது மட்டுமே.

## எப்படி வெளிப்படுத்துவது

1. தேட முடிய வேண்டும். அமைப்புகள் நூற்றைத் தாண்டினால் தாவல்களாகப் பிரிப்பது உதவாது. நிரல் எழுதப் பயன்படும் விஷுவல் ஸ்டூடியோ கோடில் அமைப்புகள் ஏராளம். மேலே ஒரு தேடல் கட்டம் இருப்பதால் அது சுமையாகத் தெரிவதில்லை. தேடல் மேம்பட்டவற்றையும் சேர்த்தே தேட வேண்டும். விஎல்சி பிளேயரின் விருப்பங்கள் சாளரத்தில் கீழ் மூலையில் ‘எளிய, அனைத்தும்’ என்று ஒரு மாற்றி இருக்கிறது. எல்லாம் ஓரிடத்தில் கிடைக்கிறது என்பது அதன் நன்மை. ஆனால் ‘அனைத்தும்’ என்று மாற்றிய உடனே சாளரத்தின் அமைப்பே வேறாகிவிடுகிறது. எளிய பக்கத்தில் பார்த்தது இங்கே எங்கே என்று மறுபடி தேட வேண்டும்.

2. விளைவைச் சொல்ல வேண்டும். பல அமைப்புகளின் விளக்கம் பெயரையே திருப்பிச் சொல்கிறது. நல்ல எடுத்துக்காட்டு ஒன்று விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில், வட்டின் கொள்கைத் தாவலில் இருக்கிறது. தற்காலிக நினைவகத்தில் உள்ளதை வட்டில் உடனுக்குடன் எழுதிவிடும் காவலை அணைக்கும் பெட்டியின் கீழே, மின்சாரம் போனாலும் எழுதி முடிக்கத் தனி மின்வழங்கி உள்ள சாதனமாக இல்லாவிட்டால் இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள், தரவை இழப்பீர்கள் என்ற பொருளில் எழுதியிருக்கிறது. யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது, ஆகாதவர் செய்தால் என்ன நடக்கும் என்ற மூன்றையும் சிறு பத்தியில் அது சொல்லிவிடுகிறது. மின்தடை மிகுந்த ஊரில் இதைப் படிப்பவருக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

3. பொது எச்சரிக்கையை நம்பக் கூடாது. ஃபயர்பாக்ஸின் ‘அபவுட் கான்ஃபிக்’ பக்கத்தைத் திறந்தால் எச்சரிக்கை வருகிறது. குரோமின் சோதனை வசதிகள் பக்கத்தின் தலைப்பிலும் எச்சரிக்கை உண்டு. ஒருமுறை கடந்துவிட்டால், உள்ளே உள்ள எது தீங்கற்றது, எது உலாவியையே முடக்கும் என்பதை அந்த எச்சரிக்கை பிரித்துச் சொல்வதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே குரலில் எச்சரித்தால், மக்கள் படிக்காமலே அழுத்தப் பழகுகிறார்கள். எச்சரிக்கை, ஆபத்து இருக்கும் அந்த ஒரு வரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

4. மாறியது எது என்று காட்ட வேண்டும். கணினி ஏதோ விசித்திரமாக நடந்துகொள்கிறது என்று ஒருவர் வந்தால், பழுது பார்ப்பவர் முதலில் அறிய விரும்புவது இயல்பிலிருந்து மாற்றப்பட்டவை எவை என்பதைத்தான். ‘அபவுட் கான்ஃபிக்’ மாற்றப்பட்ட வரிகளைத் தடித்த எழுத்தில் காட்டுகிறது. விஷுவல் ஸ்டூடியோ கோடு மாற்றப்பட்டவற்றை மட்டும் வடிகட்டித் தருகிறது. கேடிஇயின் பணிச்சூழலான பிளாஸ்மா, 2020இல் வந்த 5.20 பதிப்பில், மாற்றப்பட்ட அமைப்புகளைச் சுட்டிக்காட்டும் வசதியைச் சேர்த்தது. செலவு குறைந்த இந்த வசதி எல்லா மென்பொருளிலும் ஏன் இல்லை என்பது புரியவில்லை.

5. திரும்பும் வழி வேண்டும். மற்ற எல்லாவற்றையும்விட இதற்கே முதலிடம் கொடுப்பேன். திரையின் தெளிவுத்திறனை மாற்றும்போது விண்டோஸ் ‘இந்த மாற்றத்தை வைத்துக்கொள்ளவா?’ என்று கேட்டு 15 நொடி காத்திருக்கிறது; பதில் வராவிட்டால் தானே பழைய நிலைக்குப் போய்விடுகிறது. மாற்றம் தவறாகிப் போனால் திரையே இருண்டுவிடும், அப்போது பயனரால் எந்தப் பொத்தானையும் பார்க்க முடியாது என்பதை முன்கூட்டியே நினைத்துச் செய்த ஏற்பாடு அது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில் பிணைய அமைப்பைச் சோதிக்கும் ‘நெட்பிளான் ட்ரை’ கட்டளையும் அப்படியே 120 நொடி காத்திருந்து, உறுதி செய்யாவிட்டால் பின்வாங்குகிறது. பயனரைப் பூட்டி வெளியே நிறுத்திவிடக்கூடிய எந்த அமைப்புக்கும் இந்த முறை பொருந்தும்: விசைப்பலகை, மொழி, வலையமைப்பு, உள்நுழைவு. மென்பொருளே திறக்காமல் போகும் நிலைக்கு வேறு வாசல் வேண்டும். லிபர் ஆஃபிஸிலும் ஃபயர்பாக்ஸிலும் பயனர் அமைப்புகளை ஒதுக்கிவிட்டுத் திறக்கும் தனி முறை இருக்கிறது. அதே வேளையில், ‘எல்லாவற்றையும் மீட்டமை’ என்பது மட்டுமே இருப்பது போதாது. ஒரு தவறைத் திருத்த, ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்த சொல்லகராதியையும் வார்ப்புருக்களையும் யாரும் இழக்க விரும்பமாட்டார்கள். ஒவ்வோர் அமைப்புக்கும் தனித்தனியாகத் திரும்பும் பொத்தான் இருக்க வேண்டும்.

6. பூட்டியவர் யார் என்று சொல்ல வேண்டும். மங்கலாகத் தெரியும், அழுத்த முடியாத பெட்டிக்குப் பக்கத்தில் காரணம் இல்லையென்றால் பயனர் வீணாக மணிக்கணக்கில் தேடுவார். குரோமிலும் எட்ஜிலும் ‘உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்று வருவது அந்த அளவில் நல்லதே.

7. எடுத்துச்செல்ல முடிய வேண்டும். ஒரே அலுவலகத்தில் உள்ள ஐந்து கணினிகளுக்கும் ஒரே அமைப்பைக் கையால் ஐந்து முறை செய்வது பிழைக்கு இடம் தரும். அமைப்புகள் எழுத்துக் கோப்பாக வெளிவந்தால் நகலெடுக்கலாம், ஒப்பிடலாம், புதுப்பிப்புக்கு முன் காப்புப் பிரதி எடுத்துவைக்கலாம்.

## தொலைபேசியில் கிடைக்கும் உதவி

மலைப்பகுதியில் மேம்பட்ட அமைப்பு ஒன்று கெட்டுப்போனால் சரிசெய்பவர் பெரும்பாலும் கோயம்புத்தூரிலோ மேட்டுப்பாளையத்திலோ இருக்கிறார். மண்சரிவால் குன்னூர் மலைப்பாதை அடைபட்டால் கோத்தகிரி வழியாகச் சுற்றி வர வேண்டும். அன்றைக்கு அவர் வருவதே ஐயம். ஆகவே உதவி தொலைபேசியில்தான் நடக்கிறது. ‘இடது பக்கம் மூன்றாவது படத்தை அழுத்துங்கள் அம்மா, இப்போது என்ன தெரிகிறது?’ என்று அவர் கேட்பார். இந்தப் பக்கம் இருப்பவரின் பதிப்பில் அந்தப் படம் நான்காவதாக இருக்கும்.

இதற்காகவே ஒவ்வோர் அமைப்புக்கும் பதிப்பு மாறினாலும் மாறாத ஒரு பெயர் வேண்டும். படக்குறி மட்டும் போதாது. வாயால் சொல்லக்கூடிய பெயராக இருக்க வேண்டும். அந்தப் பெயரைத் தேடல் கட்டத்தில் தட்டச்சு செய்தால் நேரே அங்கே போக வேண்டும். விஷுவல் ஸ்டூடியோ கோடில் ஒவ்வோர் அமைப்புக்கும் தனி அடையாளப் பெயர் உண்டு. விண்டோஸிலும் பல செட்டிங்ஸ் பக்கங்களுக்கு நேரடி முகவரிகள் உண்டு, அவற்றை ரன் சாளரத்தில் இட்டால் அந்தப் பக்கமே திறக்கும். தமிழ் இடைமுகத்தில் வேலை செய்பவரும் ஆங்கில இடைமுகத்தில் வேலை செய்பவரும் ஒருவருக்கொருவர் உதவ இந்த நிலையான பெயர்களே கைகொடுக்கும். ஆகவே தேடல், இடைமுக மொழியில் உள்ள பெயரையும் மூலப் பெயரையும் இரண்டையும் ஏற்க வேண்டும்.

உதவிக் குறிப்புகள் இணையத்தில் மட்டுமே இருப்பது இங்குள்ள இன்னொரு தடை. பிணைய அமைப்பு கெட்டு இணையமே இல்லாதபோது, அதைச் சரிசெய்யும் விளக்கம் இணையத்தில்தான் இருக்கிறது என்று மென்பொருள் சொல்வதில் பயனில்லை. லிபர் ஆஃபிஸின் உதவி நூல் தனித் தொகுப்பாகக் கிடைக்கிறது. மென்பொருளை நிறுவும்போதே அதையும் இறக்கி வைத்துவிடலாம்.

மென்பொருள் வாங்கும் சிறிய அலுவலகங்களும் கூட்டுறவு அமைப்புகளும் விற்பவரிடம் விலையையும் வருடப் பராமரிப்பையும் கேட்பதோடு, செய்து காட்டும் நேரத்திலேயே ஒரு சோதனையையும் வைக்கலாம். மேம்பட்ட பகுதியில் உள்ள ஏதாவது ஒரு மதிப்பை அவர் முன்னிலையில் மாற்றச் சொல்லுங்கள். பிறகு கணினியை அணைத்து, மீண்டும் இயக்கி, அந்த மென்பொருளை இதுவரை பார்த்திராத ஓர் ஊழியரிடம் கொடுத்து, எது மாறியிருக்கிறது என்று கண்டுபிடித்துப் பழையபடி ஆக்கச் சொல்லுங்கள். விற்பவரின் உதவியில்லாமல் அவரால் அது முடியவில்லை என்றால், கையெழுத்திடும் முன்பே அந்தக் குறையைத் திருத்தித் தரும்படி கேட்பது அலுவலகத்தின் உரிமை.